பத்து நாள் தான்சானியா: விலங்குகளுக்கு ஆறு நாள், சுவாஹிலிக்கு இரண்டு மணி நேரமா?

நடைவண்டி:
வணக்கம். பிப்ரவரி முதல் வாரம் குடும்பத்தோடு தான்சானியா போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 68 வயது அப்பா. கையில் பத்து நாள் இருக்கிறது. ஏஜென்ட் அனுப்பிய திட்டம் இது: அருஷாவில் இறங்கி ஓர் இரவு ஓய்வு, தரங்கிரே வனவிலங்குப் பூங்கா ஒரு நாள், மன்யாரா ஏரி ஒரு நாள், செரெங்கெட்டி பூங்காவின் நடுப்பகுதியில் மூன்று நாள், ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம் ஒரு நாள், வரும் வழியில் "சுவாஹிலி கலாச்சார கிராமம்" இரண்டு மணி நேரம், அப்புறம் சான்சிபார் தீவில் கடற்கரை விடுதியில் இரண்டு இரவு.

மகளுக்குச் சிங்கம் பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஊர் மனிதர்களையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு வர வேண்டும், வண்டிக் கண்ணாடி வழியாக மட்டும் ஒரு நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப மனமில்லை. அப்பா சைவம், முட்டைகூடத் தொடமாட்டார், ஆனால் நன்றாக நடப்பார், யாரிடமும் உட்கார்ந்து பேசுவார். திட்டத்தில் எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம் என்று போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

தார்வாசி:
ஒன்பது வருடமாகத் தார் எஸ் சலாமில் இருக்கிறேன், ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ங்கோரோங்கோரோ வழியில் காட்டுகிற கிராமம் சுவாஹிலி கிராமம் இல்லை, அது மாசாய் மக்களின் குடியிருப்பு. மாசாய் வேறு, சுவாஹிலி வேறு. மாசாய்கள் மாடு மேய்க்கும் மக்கள், மா மொழி பேசுகிறவர்கள், அந்த மொழி நைல் நதிப் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுவாஹிலி பான்டு குடும்பத்து மொழி. அதன் பேரே கடற்கரை என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். லாமு, மொம்பாசா, சான்சிபார், கில்வா என்று கரையோரமாக இருக்கிற துறைமுக ஊர்கள், பவளக்கல்லில் கட்டிய வீடுகள், பள்ளிவாசல்கள், பருவக்காற்றில் அரேபியாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்துபோன பாய்மரக் கப்பல்கள், இவைதான் சுவாஹிலி உலகம். இப்ன் பதூதா 1331-ல் கில்வாவுக்குப் போனபோதே அது செழிப்பான நகரம். செரெங்கெட்டியிலிருந்து அந்தக் கரை பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

மொழி மட்டும் உள்நாடு முழுக்கப் பரவிவிட்டது. முதலில் வணிகக் கூட்டங்களோடு போனது, 1961 விடுதலைக்குப் பிறகு நாட்டின் முதல் தலைவர் நைரேரே அதையே நாட்டுமொழியாக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டில் எல்லோருக்கும் பொதுவான மொழி அது. உங்கள் ஓட்டுநர் கிளிமஞ்சாரோ அடிவாரத்துச் சாகா இனத்தவராக இருக்கலாம், நாள் முழுக்க சுவாஹிலிதான் பேசுவார், ஆனால் அவரை யாரும் சுவாஹிலிக்காரர் என்று சொல்லமாட்டார்கள்.

ஆகவே உங்கள் திட்டத்தில் இப்போதைக்கு சுவாஹிலி கலாச்சாரம் என்று எதுவுமே இல்லை. கடற்கரை விடுதி எந்த நாட்டுக் கடற்கரையிலும் ஒன்றுதான். அந்த இரண்டு இரவை மூன்றாக்கி, சான்சிபாரின் பழைய நகரமான ஸ்டோன் டவுனுக்குள்ளேயே ஒரு பழைய வீட்டு விடுதியில் தங்குங்கள். கடலில் குளிக்க ஒரு பகல் போதும். எங்கே வெட்டுவது என்றால் செரெங்கெட்டியில் ஒரு நாள் என்பேன்.

கோவை_பறவை:
தார்வாசி அண்ணன் சொன்ன மாசாய் விஷயம் ரொம்ப முக்கியம், நன்றி. ஆனால் செரெங்கெட்டி நாளை வெட்டச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெட்டுவதென்றால் மன்யாராவை வெட்டுங்கள். மூன்று முறை போய்வந்தவன், பறவைக்காக ஆரம்பித்து எல்லாவற்றிலும் மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் போகிற மாதத்தைப் பாருங்கள். பிப்ரவரியில் வைல்டுபீஸ்ட் என்கிற பெரிய மான்வகை விலங்கின் மந்தைகள் செரெங்கெட்டியின் நடுவில் இருக்காது, தெற்கே என்டூட்டுப் பக்கத்துக் குட்டைப்புல் வெளியில் இருக்கும். பத்து லட்சத்துக்கும் மேல் விலங்குகள், அங்கேதான் கன்று ஈனும். காரணம் மண்தான். பக்கத்து எரிமலைகள் கொட்டிய சாம்பல் படிந்த நிலம் அது, புல்லில் கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் அதிகம், பால் கொடுக்கிற தாய்களுக்கு அது வேண்டும். லட்சக்கணக்கான கன்றுகள் சில வாரங்களுக்குள் ஒரே சேரப் பிறந்துவிடுகின்றன, எத்தனை கழுதைப்புலி வந்தாலும் எல்லாவற்றையும் தின்று தீர்க்க முடியாது. பிறந்து சில நிமிடத்தில் கன்று எழுந்து நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் தாயோடு ஓடும். மாரா ஆற்றைக் கடக்கிற காட்சியைத்தான் எல்லோரும் கேட்பார்கள், அது ஜூலைக்கு மேல், வடக்கே. உங்கள் மாதத்தில் ஏஜென்ட் நடுச் செரெங்கெட்டியில் மூன்று இரவு போட்டிருப்பது, மந்தை இல்லாத இடத்தில் மந்தையைத் தேடுவது மாதிரி. இரண்டு இரவை என்டூட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். என்டூட்டு பெரும்பாலும் ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது.

அடுத்தது, ஓட்டுநரிடம் முதல் நாள் காலையிலேயே பேசிவிடுங்கள். "ஐந்து பெரிய விலங்கு" பட்டியல் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற அந்தப் பட்டியல் ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் போட்டது, காலால் நடந்து வேட்டையாடும்போது எவை ஆபத்தோ அவை. பார்க்கப் போகிறவனுக்கு அந்தப் பட்டியலில் என்ன வேலை? ரேடியோவில் "சுயி" என்று ஒரு குரல் வந்தால் போதும், சிறுத்தைக்கு அந்தப் பேர், உடனே இருபது வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு ஒரே மரத்தடிக்கு ஓடும். நீங்கள் அதற்குப் போகாமல், ஒரு நீர்க்குட்டை ஓரமாக இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் இருந்து பாருங்கள். ஓட்டுநர்களுக்கே அது பிடிக்கும், யாரும் கேட்பதில்லை என்பதால்தான் ஓடுகிறார்கள். நான் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியத்தில் ஒரு சிவிங்கிப்புலி தன் மூன்று குட்டிகளோடு எங்கள் வண்டி நிழலில் வந்து படுத்தது, நாற்பது நிமிடம், யாரும் மூச்சுவிடவில்லை.

நீலமும் கறுப்பும் உடுத்த வேண்டாம், செட்ஸி ஈக்களை அந்த நிறங்கள் இழுக்கும். மங்கலான பழுப்பு, காக்கி போதும்.

நடைவண்டி:
இருவருக்கும் நன்றி. மன்யாரா போகட்டும். என்டூட்டு பற்றி ஏஜென்டிடம் கேட்கிறேன். மகள் ஒரு நோட்டில் சுவாஹிலி விலங்குப் பேர் எழுத ஆரம்பித்துவிட்டாள். சிங்கத்துக்கு சிம்பா என்று பார்த்ததும், "அப்பா, இது நம்ம சிம்மம்தானே?" என்று கேட்கிறாள். அப்படித்தானா?

அகராதி:
ஆமாம், சமஸ்கிருத சிம்ஹம் வணிகர்களோடு போய் சிம்பா ஆனது என்று எங்கேயோ படித்திருக்கிறேன். ஆயிரம் வருட வணிகம், சொல் போகாமல் இருக்குமா?

தார்வாசி:
இல்லை, இது தற்செயலான ஒற்றுமைதான். கடலையே பார்க்காத உள்நாட்டு பான்டு மொழிகளிலும் அதே வேர் இருக்கிறது, சிம்பாப்வேயில் ஷோனா மொழியில் சிங்கம் ஷும்பா. சிங்கம் அவர்கள் வீட்டு விலங்கு, அதற்குப் பேர் வெளியிலிருந்து வர வேண்டிய தேவை இல்லை.

நிஜமாகவே கடல் தாண்டி வந்த சொற்கள் வேறு இருக்கின்றன, பாப்பாவை அதைத் தேடச் சொல்லுங்கள். பணம் பேசா. கடை டூகா. வண்டி காரி. ஒரு லட்சம் லாகி, ஷில்லிங்கில் விலை சொல்லும்போது தினமும் காதில் விழும். காப்பீடு பீமா. மிளகாய் பிலிபிலி, அது நம் திப்பிலியின் வடமொழிப் பேர் பாரசீகம், அரபி வழியாகச் சுற்றிப் போனது. ஆட்டோவுக்குப் பேர் பஜாஜி! எந்தக் கம்பெனி ஆட்டோவாக இருந்தாலும் பஜாஜிதான், ஓசூரில் செய்த டிவிஎஸ் வண்டியில் ஏறினாலும் அதைப் பஜாஜி என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு இந்த மொழியில் முதலில் மனம் ஒட்டியது வேறு ஓர் இடத்தில். ஆங்கிலத்தில் ரைஸ் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள் அல்லவா? சுவாஹிலியில் வயலில் நிற்கிறது ம்புங்கா, குத்தியெடுத்தது ம்செலே, வெந்தது வாலி. நெல், அரிசி, சோறு! கடையில் போய் வாலி கேட்டால் சிரிப்பார்கள், நம் ஊரில் மளிகைக் கடையில் போய் இரண்டு கிலோ சோறு கேட்டால் எப்படியோ அப்படி. சோறு தின்கிற மக்களுக்குத்தான் மூன்று சொல் வேண்டியிருக்கிறது.

இலக்கணமும் நமக்கு அந்நியமாகத் தெரியாது. நிலிகுஓனா என்பது ஒரே சொல், நான் உன்னைப் பார்த்தேன் என்று பொருள். நாம் "பார்த்தேன்" என்று வினைக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், யார், எப்போது, யாரை என்று வரிசையாக. சொல்லெல்லாம் உயிரில் முடியும். நாம் பஸ்ஸு என்கிறோம், அவர்கள் பாசி என்கிறார்கள்.

அகராதி:
சிம்மத்தைப் பற்றி நான் சொன்னது தவறு, திருத்தியதற்கு நன்றி. ஷும்பா எனக்குப் புதிது.

மன்னார்க்காரன்:
தரங்கிரேயை வெட்டாமல் விட்டதற்குச் சந்தோஷம். நான் இலங்கையில் மன்னார். எங்கள் ஊரில் பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம் (பாவோபாப்) நிற்கிறது, அடிமரத்தைச் சுற்றிவரப் பத்துப் பதினைந்து பேர் கைகோர்க்க வேண்டும். முற்காலத்தில் அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். தீவில் இன்னும் சில மரங்கள் உண்டு, நெடுந்தீவிலும் ஒன்று உண்டு. சின்ன வயதில் அதை நான் எங்கள் ஊர் மரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

தரங்கிரேயில் வாசலைத் தாண்டி ஒரு மேட்டில் வண்டி ஏறினதும், கண்ணுக்கு எட்டின தூரம் வரை பெருக்க மரம். ஒன்று இரண்டு இல்லை, காடு மாதிரி. நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் யானையைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்தார்கள். யானைகளும் இருந்தன, வறட்சியில் அந்த மரத்தின் பட்டையைத் தந்தத்தால் குத்தி ஈரத்துக்காகச் சப்புமாம், எல்லா மரத்திலும் இடுப்பளவு உயரத்துக்குக் காயம் இருக்கிறது, ஆனாலும் மரம் சாகாமல் நிற்கிறது. சுவாஹிலியில் அதற்கு ம்பூயூ என்று பேர். சான்சிபாரில் தெருவில் சிவப்புச் சர்க்கரை பூசின அதன் விதை மிட்டாயாக விற்கும், மபூயூ என்று கேளுங்கள், புளிப்பும் இனிப்பும். பிள்ளைக்கு நாக்கு சிவந்துபோகும்.

காயல்_சபராளி:
சஃபாரி என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுவாஹிலியில் அதற்குப் பயணம் என்றுதான் பொருள், விலங்கு பார்ப்பது என்று இல்லை. மகன் படிக்க ஊருக்குப் போனாலும் சஃபாரிதான். அரபியில் சஃபர். எங்கள் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் சபர் என்போம், கடல் கடந்து பொருள் தேடப் போகிறவர் சபராளி. ஸ்டோன் டவுனில் ஒரு கிழவர் என்னைப் பார்த்து "சஃபாரி ஞ்செமா" என்றார், நல்லபடியாகப் போய்வா என்று பொருள். என் வாப்பா கொழும்புக்குக் கிளம்பும்போது உம்மா நின்ற வாசல் ஞாபகம் வந்தது.

அந்த ஊருக்குக் காற்றுதான் கடிகாரம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசுவது கஸ்கசி. அப்புறம் திரும்பித் தெற்கிலிருந்து வீசுவது கூசி. கஸ்கசியில் அரேபியா, இந்தியக் கப்பல்கள் இறங்கும், கூசி வரும்வரை காத்திருந்து திரும்பும். அந்தக் காத்திருப்பில்தான் கல்யாணம், மொழி, சமையல் எல்லாம் கலந்தது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பேர் வைத்து வாழ்கிற நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் போகிற பிப்ரவரி கஸ்கசிக் காலம், புழுக்கம் இருக்கும்.

ஸ்டோன் டவுனில் வீட்டு வாசல்களைப் பாருங்கள். வாசலின் இரு பக்கமும் கல்லில் கட்டிய நீண்ட இருக்கை, பரசா என்பார்கள். அது அச்சு அசல் நம் திண்ணை. வழிப்போக்கன் உட்காரலாம், வீட்டுக்காரர் காபி குடிப்பார், பேச்சு நடக்கும், மழையில் சந்து நிறைந்தால் அதன்மேல் ஏறி நடப்பார்கள். அமைச்சரவைக்கும் அவர்கள் மொழியில் பரசா என்றுதான் பேர். கதவுகளில் பித்தளைக் குமிழ் பதித்திருப்பது இந்தியப் பாணி என்பார்கள்.

உங்கள் அப்பா வயது ஆட்களைப் பார்த்தால் மகளை "ஷிகமூ" என்று சொல்லச் சொல்லுங்கள். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பதிலிருந்து வந்த வணக்கம் என்று விளக்கம் சொல்வார்கள். பெரியவர் "மரஹபா" என்பார். "ஜாம்போ" என்பது சுற்றுலாக்காரர்களுக்காக வைத்திருக்கிற வணக்கம், அதைச் சொன்னால் பதிலும் கடைக்காரர் பதிலாகத்தான் வரும். யார் வீட்டு வாசலிலும் "ஹோடி" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து "கரிபு" வந்த பிறகே ஏற வேண்டும். தோள், முழங்கால் மறைய உடுத்துங்கள், அது முஸ்லிம்களின் ஊர், சந்துக்குள்தான் அவர்கள் குடும்பம் நடத்துகிறார்கள். ரமலான் எப்போது தொடங்குகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பகலில் உணவகங்கள் பல மூடியிருக்கும்.

அடிமைச் சந்தை இருந்த இடத்துக்குக் கட்டாயம் போங்கள். 1873-ல் மூடப்பட்டது, அதே இடத்தில் இப்போது ஆங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிறது. கிராம்புத் தோட்டமும் தந்த வணிகமும் அந்த மனிதர்களின் முதுகில்தான் நடந்தன, அரபு முதலாளிகள் மட்டுமில்லை, இந்திய வணிகர்களின் கடன் பணமும் அதில் ஓடியது. கடல் வணிகத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நாம் இதையும் பார்க்க வேண்டும். மகளுக்கு 11 வயது என்றால் புரியும்.

பஸ்_பயணி:
நேரம் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் மொம்பாசாவில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டேன். சுவாஹிலியில் நாள் விடியலில் தொடங்குகிறது. காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, ஸா மோஜா. நண்பகல் ஸா சிதா, ஆறு மணி. டிக்கெட் கொடுத்தவர் வாயால் "ஸா டாட்டு" என்றார். டாட்டு மூன்று என்று எனக்குத் தெரியும், ஆகவே மதியம் மூன்று மணிக்குப் போய் நின்றேன். பஸ் காலை ஒன்பதுக்கே போய்விட்டது. அன்றைய பயணம், முன்பணம் கட்டிய அறை எல்லாம் வீணானது. அச்சிட்ட நேரம் நம் கணக்கில் இருக்கும், வாயால் சொல்வது அவர்கள் கணக்கில் இருக்கலாம். "காலையா?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள், அசுபுஹி என்றால் காலை. கடிகாரத்தில் முள்ளுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படித்தால் அவர்கள் நேரம் வந்துவிடும்.

அகராதி:
விடியலிலிருந்து எண்ணுவது நமக்கும் புதிதில்லை. நாழிகைக் கணக்கு சூரிய உதயத்தில்தான் தொடங்கும், பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வருடம் முழுக்க சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு எழுவதால் அங்கே அந்தக் கணக்கு இன்னும் உடையாமல் நிற்கிறது.

மலைக்காடு:
மாசாய் கிராமம் பற்றி. நாங்கள் போன இடத்தில் வரிசையாக நின்று குதித்து ஆடினார்கள், பள்ளிக்கூடம் என்று ஒரு கொட்டகையைக் காட்டினார்கள், பிறகு எங்களை ஆளுக்கொருவராகப் பிரித்து மணிமாலை மேசைகளுக்கு முன் நிறுத்தி விலை சொன்னார்கள். நுழைவுப் பணத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டதற்கு எங்கள் ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது மனதில் பாரமாகவே இருக்கிறது. அந்த மக்கள் செரெங்கெட்டிக்குள் வாழ்ந்தவர்கள், 1959-ல் அங்கிருந்து வெளியேற்றி ங்கோரோங்கோரோ பக்கம் அனுப்பினார்கள். இப்போது அங்கிருந்தும் 2022 முதல் குடும்பங்களை ஹண்டேனிப் பக்கம் ம்சோமேராவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாம் "ஆள் நடமாட்டமே இல்லாத இயற்கை" என்று படம் எடுக்கிற வெளி, ஒரு மக்களின் மேய்ச்சல் நிலம். போகாதீர்கள் என்பதே என் கருத்து.

கோவை_பறவை:
நிலம் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். போகவே கூடாது என்பதை ஏற்கவில்லை. மாடு குறைந்து, நிலம் குறைந்து, அந்த மணிமாலை மேசைதான் பல பெண்களுக்குக் கையில் வரும் காசு. இரண்டு மணி நேர ஆட்டத்துக்குப் பதிலாக, ஒரு மாசாய் வழிகாட்டியோடு அரை நாள் நடந்தால் எந்த மரம் எந்த நோய்க்கு, எந்த மாட்டுக்கு என்ன பேர் என்று அவரே பேசுவார். பணத்தை நேரடியாக அவர் கையில் கொடுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்காதீர்கள், கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

மலைக்காடு:
நடைப்பயணம் என்றால் எனக்கும் சம்மதம். ஆட்டம் வேண்டாம்.

தார்வாசி:
அப்பாவின் சாப்பாட்டுக்கு வருகிறேன், கேட்டு நாலு நாளாகிறது. கவலையே வேண்டாம். சஃபாரி முகாமில் முன்கூட்டிச் சொன்னால் சைவம் செய்வார்கள், முட்டை வேண்டாம் என்பதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும், அவர்கள் கணக்கில் முட்டை சைவம். "சிலி ன்யாமா, சமாகி, மயாய்", அதாவது இறைச்சி, மீன், முட்டை சாப்பிடமாட்டேன் என்று ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கலாம். ஊருக்குள் வாலி வா நாசி என்று தேங்காய்ப்பால் சோறு, மஹராகே என்று பீன்ஸ் குழம்பு, சப்பாத்தி. சப்பாத்தி என்று சொன்னாலும் அது அடுக்கடுக்காக எண்ணெய் விட்டுச் சுட்டது, நம் பரோட்டாவுக்குத் தம்பி. ரயில் போட வந்த இந்தியத் தொழிலாளர்கள் 1896-லிருந்து கென்யாவில் விட்டுப்போன சுவடுகளில் இதுவும் ஒன்று என்று பலர் சொல்வார்கள்.

காலையில் தெருவோரத்தில் விடும்புவா தேடுங்கள். அரிசியும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் அரைத்து, குழிக் கல்லில் ஊற்றிச் சுடுவார்கள். பார்த்த உடனே பணியாரம் என்று சொல்லிவிடுவீர்கள், பணியாரம்தான். முட்டை சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீடுகளில் தேங்காய் துருவுவதற்கு ஒரு சின்னப் பலகை, அதில் உட்கார்ந்துகொண்டு முன்னால் நீட்டியிருக்கும் பல் வைத்த இரும்பில் துருவுவார்கள். என் ஆச்சி வைத்திருந்த அதே சாமான். அதற்கு அவர்கள் வைத்த பேர் ம்பூசி, ஆடு! மூக்கை நீட்டி நிற்கிற ஆடு மாதிரி இருக்கிறதாம்.

பாட்டில் ஆர்வம் இருந்தால் தாராப் கேளுங்கள். அதன் முதல் பெரிய பாடகி சிதி பிந்தி சாத், ஏழைக் குடும்பத்துப் பெண், 1928-ல் பம்பாய் வரை கப்பலில் போய் இசைத்தட்டு பதிவு செய்தவர்.

காகிதவேலை:
சுருக்கமாக. நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்க வாய்ப்புண்டு, திரும்பி இந்தியாவில் இறங்கும்போதும் கேட்கலாம், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தவும் வாய்ப்புண்டு. பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயதுக்கு மேல் அந்த ஊசி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, அப்பாவை மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேளுங்கள். பிளாஸ்டிக் பை கொண்டுபோக வேண்டாம், தான்சானியாவில் 2019 முதல் தடை. சான்சிபாருக்குத் தனிப் பயணக் காப்பீடு 2024 அக்டோபரிலிருந்து கட்டாயம், பெரியவர்களுக்கு ஆளுக்கு 44 டாலர். முன்கூட்டியே இணையத்தில் கட்டிவிடுங்கள்.

நடைவண்டி:
எல்லாம் சேர்த்து மாற்றிவிட்டோம். அருஷா, தரங்கிரே, என்டூட்டு இரண்டு இரவு, நடுச் செரெங்கெட்டி ஒரு இரவு, திரும்பும் வழியில் ஆதிமனித எலும்புகள் கிடைத்த ஓல்டுவாய் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகம், ங்கோரோங்கோரோ, ஒரு மாசாய் வழிகாட்டியோடு காலை நடை, அப்புறம் ஸ்டோன் டவுன் மூன்று இரவு. அப்பாவுக்கு மருத்துவர் சம்மதித்து ஊசியும் போட்டாயிற்று. போய்வந்து எழுதுகிறேன்.

நடைவண்டி (மார்ச்):
போய்வந்தோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்டூட்டில் இரண்டாம் நாள் காலை, எங்களிலிருந்து முப்பது அடி தூரத்தில் ஒரு கன்று பிறந்தது. ஓட்டுநரிடம் முதல் நாளே பேசியிருந்தேன், அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு மகளிடம் "போலே போலே" என்று சைகை செய்தார், மெதுவாக என்று. கன்று மூன்று முறை விழுந்து நான்காவது முறை நின்றது. மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆறு நிமிடம் என்றாள். சிங்கமும் பார்த்தோம், பதினொன்று, ஆனால் வீட்டுக்கு வந்து அவள் எல்லோரிடமும் சொல்வது அந்த ஆறு நிமிடத்தைத்தான். கோவை_பறவை அவர்களுக்கு அவள் சார்பில் நன்றி.

தரங்கிரேயில் பெருக்க மரத்தின் காயத்தில் அப்பா கையை வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார், வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பதால் முடியவில்லை. ஓய்விடம் ஒன்றில் இறங்க அனுமதித்தார்கள், அங்கே ஒரு மரம் இருந்தது, வெகுநேரம் அதன்மேல் சாய்ந்து நின்றார். படம் எடுத்திருக்கிறேன், மன்னார்க்காரன் அவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். ங்கோரோங்கோரோ பள்ளத்துக்குள் ஒட்டகச்சிவிங்கியே இல்லை என்பது எங்களுக்குப் புதிய செய்தி, சரிவு செங்குத்து, உள்ளே அது தின்கிற மரமும் குறைவு என்றார் ஓட்டுநர். காண்டாமிருகம் ஒன்றைத் தொலைநோக்கியில் ஒரு கறுப்புப் புள்ளியாகப் பார்த்தோம், அது போதும்.

ஸ்டோன் டவுனில் முதல் நாள் சாயங்காலம் நாங்கள் துணிக் கடைக்குப் போனோம். கங்கா என்ற அந்தத் துணியின் கரையை ஒட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பழமொழி அச்சிட்டிருக்கிறார்கள், மனைவி எடுத்ததில் "ஹபா ந ஹபா ஹுஜாசா கிபாபா" என்றிருந்தது. கடைக்காரம்மா கையை மடக்கி, துளித்துளியாகவே ஒரு படி நிறையும் என்று காட்டினார். சிறுதுளி பெருவெள்ளம் என்று மனைவி தமிழில் சொல்ல, அவர் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்தால் அப்பாவைக் காணோம். பயந்துபோய்த் தேடினோம். இரண்டு சந்து தள்ளி ஒரு பரசாவில் நாலு கிழவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார், முன்னால் குழி குழியாக வெட்டிய ஒரு பலகை. மகள் ஓடிப்போய் "ஷிகமூ" என்றாள். நாலு பேரும் ஒரே குரலில் "மரஹபா" என்று சொல்லி அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள்.

தார்வாசி:
பாவோ! அதை எழுத மறந்துவிட்டேனே. நாலு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, 64 விதை. நம் பல்லாங்குழிக்கு உறவு, ஆனால் விதிகள் கடினம். அப்பா எப்படி ஆடினார்?

நடைவண்டி:
அன்றைக்குத் தோற்றார். அடுத்த இரண்டு சாயங்காலமும் அவரே தனியாகப் போனார், மொழி இல்லாமல் விரல்விட்டு எண்ணி ஆடியிருக்கிறார். கடைசி நாள் ஓர் ஆட்டம் ஜெயித்ததாகச் சொல்கிறார், அவர்கள் விட்டுக்கொடுத்திருக்கலாம். ஒரு பலகையும் விதைகளும் வாங்கி வந்தோம். விதை சாம்பல் நிறம், கல் மாதிரி கடினம். அப்பா முதல் நாளே ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, இது கழற்சிக்காய் என்றார், சின்ன வயதில் அவர் அக்காமார்கள் இதைத் தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடுவார்களாம். அவர்கள் கோம்வே என்றார்கள். பெட்டி பிரித்தபோது மூன்று விதை குறைந்தது. நேற்று அப்பா ஊருக்குப் போய் வேலியோரத்தில் மூன்று கழற்சிக்காய் பறித்து வந்திருக்கிறார், வேறுபாடே தெரியவில்லை. இப்போது மகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார், சில விதிகள் மட்டும் இருவரையும் குழப்புகின்றன. தார்வாசி அண்ணா, யாரிடமாவது கேட்டு எழுத முடியுமா?

தார்வாசி:
என் வீட்டுக் காவல்காரப் பெரியவர் நன்றாக ஆடுவார். இன்று சாயங்காலம் கேட்டு, படம் வரைந்து போடுகிறேன்.